கண்டெடுத்த ஒலிகளும் சைக்கடெலிக் பாடலும்: ஒலிப்பதிவுக் கூடங்களின் வரலாறு

இசைக்கருவியில் வாசிக்கப்படாமல் தெருவிலோ வீட்டிலோ இயற்கையிலோ தானாக எழும் ஓசையைப் பதிவு செய்து, அதைப் பாடலின் ஓர் உறுப்பாக்குவது 'கண்டெடுத்த ஒலி' முறை எனப்படும். அதற்காகக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வெளியே சென்று பதிவு செய்வது களப் பதிவு. 1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த சைக்கடெலிக் இசை இவ்விரண்டையும் தாராளமாகக் கையாண்டது. மனம், வெளிப்படுத்துதல் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'சைக்கடெலிக்' என்ற சொல்லை உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். எல்.எஸ்.டி. போன்ற மருந்துகளின் விளைவைக் குறிக்க 1956இல் அவர் அமைத்த சொல், பத்தே ஆண்டுகளில் ஓர் இசைவகையின் பெயராகிவிட்டது.

பெயர் அப்படி அமைந்துவிட்டதால், அவ்விசையில் கேட்கும் விநோத ஒலிகளெல்லாம் போதையில் பிறந்தவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பதிவுகள் எவ்வாறு செய்யப்பட்டன என்று பார்த்தால் வேறொரு காட்சி கிடைக்கிறது. பிளேடு, ஒட்டுநாடா, அளவுகோல், பென்சில் ஆகியவற்றோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்த மனிதர்கள் தெரிகிறார்கள். அவர்களில் பலர் வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் மாதச் சம்பளம் வாங்கியவர்கள். இசைத்தட்டின் உறையில் அவர்கள் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பாடகர்களின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டதால், இக்கட்டுரை இவர்கள் பக்கம் சற்றுக் கூடுதலாக நிற்கிறது.

கெய்ரோவில் ஒரு சடங்கு

இவ்வரலாற்றின் தொடக்கம் லண்டனும் அல்ல, பாரிசும் அல்ல. எகிப்தைச் சேர்ந்த ஹலீம் எல்-தப் (1921–2017) கெய்ரோவில் வேளாண்மைப் பொறியியல் பயின்றவர், இசையிலும் தேர்ந்தவர். 1944இல் அவர் கெய்ரோவிலிருந்த வானொலி நிலையம் ஒன்றிலிருந்து கம்பி ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கினார். மயிரிழை போன்ற எஃகுக் கம்பியைக் காந்தமாக்கி அதில் ஒலியைப் பதிக்கும் கருவி அது. கனமானது. கம்பி அறுந்தால் முடிச்சுப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

அதைத் தூக்கிக்கொண்டு அவர் 'ஸார்' என்ற சடங்கு நடக்கும் இடத்துக்குப் போனார். பெண்கள் நடத்தும் சடங்கு இது. ஆவி பிடித்ததாகக் கருதப்படும் பெண்ணை நடுவில் வைத்து, முழவும் பாட்டும் ஆட்டமுமாக அவரைத் தன்னை மறக்கும் நிலைக்குக் கொண்டுசென்று, பின் மெல்ல மீட்பார்கள். நம் ஊரில் உடுக்கையடித்துப் பேயோட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு அங்கே இடமில்லை என்பதால், தானும் நண்பர் ஒருவரும் தலையை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்ததாக ஹலீம் பிற்காலத்தில் கூறினார்.

பதிவோடு அவர் வானொலி நிலையத்துக்குத் திரும்பினார். அங்கே எதிரொலி கூட்டும் அறை இருந்தது. அதன் தடுப்புகளை நகர்த்தி எதிரொலியின் அளவை மாற்றலாம். அந்த அறையில் பதிவை ஒலிக்கவிட்டு, மீண்டும் பதிவு செய்து, குரல்களின் அடித்தொனியை வடிகட்டி, அவற்றின் மேலே மிதக்கும் மெல்லிய தொனிகளை மட்டும் நிறுத்தினார். சொல் கரைந்தது, முழவும் கரைந்தது, நெடுந்தொலைவிலிருந்து வரும் மூச்சைப் போன்ற ஒன்று எஞ்சியது. அதே ஆண்டு கெய்ரோவில் ஒரு கலைக்கூட நிகழ்ச்சியில் இதை மக்கள் கேட்டார்கள். அதன் ஒரு சிறு பகுதி 'வயர் ரெக்கார்டர் பீஸ்' என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது.

மனத்தை மயக்க நிலைக்குக் கொண்டுபோய் மீட்பதற்கென்றே பிறந்த ஓசையை, கருவியின் துணையால் இன்னும் விநோதமாக்கிய வேலை இது. 'சைக்கடெலிக்' என்ற சொல் பிறக்க அப்போது இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன. ஆயினும், மின்வழி இசையின் வரலாற்றை எழுதியவர்கள் நெடுங்காலம் 1948ஆம் ஆண்டுப் பாரிசிலிருந்தே தொடங்கி வந்தார்கள். ஹலீமின் பெயர் பாடநூல்களில் ஏறத் தாமதமாயிற்று. அவருடைய பதிவில் பாடிய பெண்களின் பெயரோ இன்றுவரை ஏறவில்லை. அவர்களைக் கேட்டுத்தான் பதிவு செய்தார் என்றும் சொல்வதற்கில்லை. கண்டெடுத்த ஒலி என்று நாம் சொல்கிறோம். கீழே கிடந்ததை எடுப்பதற்கும் ஒருவர் கையிலிருந்ததை எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இம்முறையின் முதல் நாளிலிருந்தே உடன் வருகிறது.

பாரிஸ்: தட்டில் சிக்கிய ஊசி

பியேர் ஷேஃபர் (1910–1995) பிரெஞ்சு வானொலியில் பொறியாளராக இருந்தவர். பழைய கிராமபோன் தட்டில் கீறல் விழுந்தால் ஊசி ஒரே வட்டத்தில் சிக்கிக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அந்தக் கோளாற்றை ஷேஃபர் வேண்டுமென்றே உண்டாக்கினார். வரிப்பள்ளத்தைச் சுருளாக விடாமல் வட்டமாக மூடிவிட்டால், அதில் பதிந்த ஒரு விநாடி ஓசை முடிவின்றிச் சுழலும். பின்னாளைய நாடா வளையத்துக்கும், இன்றைய கணினி இசையில் 'லூப்' என்று சொல்லப்படுவதற்கும் இதுவே முன்னோடி.

1948இல் பாரிசின் பாத்தினோல் ரயில் நிலையத்துக்குப் பதிவுக் கருவியோடு சென்று, எஞ்சின்களின் ஊதலையும் சக்கரங்களின் ஓட்டத்தையும் பெட்டிகள் மோதும் சத்தத்தையும் பதிவு செய்தார். அவற்றைத் தட்டுகளில் அடுக்கி மூன்று நிமிட அளவில் ஓர் இசைத்துண்டு ஆக்கினார். அதுவும் வேறு சில ஓசை ஆய்வுகளும் 1948 அக்டோபர் 5 அன்று பிரெஞ்சு வானொலியில் ஒலிபரப்பாயின. இவ்விசைக்கு அவர் வைத்த பெயர் 'மியூசிக் கான்க்ரீட்'. கட்டடக் கான்கிரீட்டோடு இதற்கு உறவில்லை. வழக்கமான இசையமைப்பாளர் மனத்தில் எழும் கருத்தை ஸ்வரக்குறிப்பாக எழுதி, கடைசியில் ஒலியை அடைகிறார். இங்கே கையில் இருக்கும் பருப்பொருளான ஒலியிலிருந்து தொடங்கி இசையைத் தேடுகிறார்கள் என்பதே அப்பெயரின் பொருள்.

ஷேஃபரின் இன்னொரு சோதனை மாணவர்களுக்குப் பயன்படும். மணியை அடித்து, அடி விழும் கணத்தை விட்டுவிட்டு, அதன் பிறகு நீளும் ரீங்காரத்தை மட்டும் அவர் பதிவு செய்தார். கேட்டால் அது மணியாகவே தெரியவில்லை. ஊதுகருவி போல் ஒலித்தது. ஓர் ஒலியை நாம் அடையாளம் காண்பது பெரிதும் அதன் தொடக்கக் கணத்தால்தான் என்பது இதனால் விளங்கியது. நான் பணியாற்றிய பள்ளியில் மணி என்பது மரக்கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான். காதைப் பொத்திக்கொண்டு, அடி விழுந்த உடனே கையை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். பிள்ளைகள் முகத்தில் ஒரு திகைப்பு வரும். அதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

ரயில் துண்டைப் பற்றி ஷேஃபருக்கே ஒரு மனக்குறை இருந்தது. எவ்வளவு அடுக்கினாலும் ரயில் ரயிலாகவே கேட்கிறது, இசையாக மாறவில்லை. இந்தக் குறையைப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் சந்தித்தார்கள்.

நாடாவின் கணக்கு

காந்த நாடா ஜெர்மனியில் 1930களிலேயே வந்துவிட்டாலும், மற்ற நாடுகளின் வானொலி நிலையங்களில் பரவியது உலகப்போர் முடிந்த பிறகுதான். கம்பியைவிட, தட்டைவிட இதற்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு. பிளேடால் வெட்டி, ஒட்டுநாடாவால் ஒட்டலாம். காலம் இப்போது கையால் அளக்கக்கூடிய நீளமாயிற்று. கூடங்களில் நாடா ஓடிய வழக்கமான வேகம் விநாடிக்கு 15 அங்குலம். நிமிடத்துக்கு 120 அடி விழும் தாளத்தில் ஓர் அடி அரை விநாடி. ஆக ஓர் அடியின் நீளம் ஏழரை அங்குலம். அளவுகோல் வைத்து வெட்டினால் தாளம் தவறாது.

இன்னும் மூன்று வேலைகளை நாடா செய்தது. வெட்டிய துண்டின் இரு முனைகளையும் ஒட்டினால் வளையம். பதிந்தது மீண்டும் மீண்டும் வரும். திருப்பிப் போட்டால் ஒலி வாலிலிருந்து தலைக்கு ஓடும். பியானோவின் ஒரு தட்டல் மெல்லப் பெருகி எழுந்து சட்டென்று நிற்கும். வேகத்தை இரட்டித்தால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும், நேரம் பாதியாகும். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும், நேரம் இரட்டிக்கும். சைக்கடெலிக் பாடல்களில் நம்மைத் தடுமாற வைக்கும் ஒலிகளில் மிகப் பல இந்த நான்கு வேலைகளில் அடங்கிவிடும். இன்று கைப்பேசியில் பதிவு செய்து, விலையில்லா மென்பொருளில் ஒரு மாணவர் இதே நான்கையும் ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்க்கலாம். அன்று ஒரு நிமிட இசைக்கு வாரக்கணக்கில் ஆனது.

மைதா வேலில் ஒரு பணிமனை

பி.பி.சி. நிறுவனம் 1958இல் லண்டனின் மைதா வேல் கட்டடத்தில் 'ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்' என்ற பிரிவைத் தொடங்கியது. வானொலி நாடகங்களுக்கும் கல்வி ஒலிபரப்புக்கும் வழக்கத்துக்கு மாறான ஒலிகளைச் செய்து கொடுப்பதே அதன் பணி. டாஃப்னி ஓரம், டெஸ்மண்ட் பிரிஸ்கோ ஆகிய இருவரின் முயற்சியால் அது உருவானது. இசைக்கூடம் என்று அதை அழைக்கவில்லை. பணிமனை என்றே அழைத்தார்கள்.

1962இல் அங்கு வந்து சேர்ந்தவர் டீலியா டெர்பிஷர் (1937–2001). கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். அதற்கு முன் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை அமர்த்துவதில்லை என்று பதில் வந்தது. அவர் பிறந்து வளர்ந்த கோவென்ட்ரி நகரம் போரில் கடுமையாகக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அந்நாளில் கேட்ட அபாயச் சங்கின் ஏற்ற இறக்கமே தம் காதில் முதலில் பதிந்த அருவ இசை என்று பின்னாளில் அவர் சொன்னார்.

1963இல் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு ரான் கிரெய்னர் எழுதிய மெட்டு அவரிடம் வந்தது. மீட்டிய ஒரே ஒரு கம்பியின் ஒலி, வானொலிப் பொறியாளர்கள் கருவிகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் மின்னலைக் கருவியின் ஒலி, இரைச்சல்—இவைதான் மூலப்பொருள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனி வேகத்தில் பதிந்து, வெட்டி, வரிசையாக ஒட்டினார். உடன் உதவியவர் டிக் மில்ஸ். பல தடங்களை ஒரே நாடாவில் பதியும் கருவி அங்கில்லை. ஒவ்வொரு தடமும் ஒரு தனி நாடா. எல்லாவற்றையும் ஒரே கணத்தில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிய வேண்டும். ஓரிடத்தில் தாளம் பிசகியபோது, பிழையான ஒட்டைக் கண்டுபிடிக்க நாடாக்களைக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் விரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

முடிந்ததைக் கேட்ட கிரெய்னர் வியந்து, டெர்பிஷரையும் இணை இசையமைப்பாளராகச் சேர்த்து உரிமத்தொகையில் பாதியைத் தர முன்வந்தார். பி.பி.சி. விதிகள் இடம் தரவில்லை. பணிமனை ஊழியர்கள் பெயரின்றி இருப்பதே அங்கு வழக்கம்.

1966 ஏப்ரல்: பென்சில் பிடித்தவர்கள்

பீட்டில்ஸ் குழுவினரின் 'டுமாரோ நெவர் நோஸ்' பாடல்தான் கண்டெடுத்த ஒலியையும் வெகுமக்கள் பாட்டையும் இணைத்த பெரும் திருப்பம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 'ரிவால்வர்' இசைத்தட்டில் இது கடைசிப் பாட்டு. ஆனால் பதிவில் முதலாவது. டிமத்தி லியரியும் நண்பர்களும் எல்.எஸ்.டி. அனுபவத்துக்கு வழிகாட்டியாக 1964இல் எழுதிய நூலை ஒட்டி ஜான் லென்னன் வரிகளை எழுதினார். பாட்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே சுரக்கூட்டின் மீது நிற்கிறது. அடியில் தம்பூராவின் சுருதி ஓடுகிறது. மேற்கத்தியக் காதுக்கு இது புதுமையாக இருந்தது. ஒரே ஆதார சுருதியில் மூன்று மணிநேரக் கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு அந்தப் பகுதி வியப்பளிக்காது. வியப்பு மேலே வருவதில் இருக்கிறது.

பால் மெக்கார்ட்னி அப்போது ஸ்டாக்ஹவுசன் முதலிய ஐரோப்பிய மின்வழி இசையமைப்பாளர்களை ஆர்வத்தோடு கேட்டுவந்தார். வீட்டில் வைத்திருந்த பிரெனல் நாடாக் கருவியில், பழைய பதிவை அழிக்கும் முனையை அவர் செயலிழக்கச் செய்தார். நாடா வளையம் சுற்றச் சுற்ற, புதிய ஒலி பழையதை அழிக்காமல் அதன் மேலேயே படிந்தது. போதும் போதும் என்னும் அளவுக்கு நாடா நிறைந்தது. இப்படிச் செய்த வளையங்களைப் பையில் போட்டு ஆபி சாலையிலிருந்த இ.எம்.ஐ. கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

பாட்டின் அடிப்படைப் பதிவு ஏப்ரல் 6 அன்று நடந்தது. மறுநாள் வளையங்களைச் சேர்க்கும் வேலை. ஐந்து வளையங்கள் தேர்வாயின. ஐந்துக்கும் ஐந்து நாடாக் கருவிகள் தேவை. கூடத்தின் மற்ற அறைகளில் இருந்த கருவிகளையெல்லாம் மூன்றாம் கூடத்தின் கட்டுப்பாட்டு அறையோடு இணைத்தார்கள். வளையம் கருவியைவிட நீளமாக இருந்ததால், அது தொய்ந்துவிடாமல் ஒருவர் பென்சிலை உள்ளே நுழைத்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. வெள்ளை மேலங்கி அணிந்த தொழில்நுட்ப ஊழியர்கள் அந்தந்த அறையில் அப்படி நின்றார்கள். கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், 20 வயதே ஆன ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் ஆகியோருடன் குழுவினரும் சேர்ந்து, ஒலியளவுக் கைப்பிடிகளை ஏற்றி இறக்கி ஐந்து வளையங்களையும் பாட்டுக்குள் விட்டு எடுத்தார்கள். கடற்காகத்தின் கத்தலைப் போலப் பாட்டில் கேட்பது வேகம் கூட்டப்பட்ட மெக்கார்ட்னியின் சிரிப்பு. லென்னனின் குரலை மின்னார்கனுக்குரிய சுழலும் ஒலிபெருக்கி வழியே அனுப்பித் தொலைவிலிருந்து வருவதுபோல் ஆக்கினார்கள்.

அந்த ஒலிக்கலவையைத் திரும்பச் செய்ய முடியாது. வளையங்கள் எந்தக் கணத்தில் எங்கே சுற்றிக்கொண்டிருந்தன என்பது அன்றைய தற்செயல். பாட்டு எல்.எஸ்.டி.யைப் பற்றியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைச் செய்த மணிநேரத்தில் தேவைப்பட்டது, நடுங்காமல் பென்சில் பிடிக்கும் கை.

அடுத்த ஆண்டு இதே கூடத்தில் துணிவு இன்னும் கூடியது. 'பீயிங் ஃபார் தி பெனஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்' பாடலுக்குச் சர்க்கஸ் கூடாரத்தின் சூழல் வேண்டும் என்று லென்னன் கேட்டார். மார்ட்டின் நீராவி ஆர்கன் பதிவுகளைத் தேடியெடுத்துத் துண்டு துண்டாக வெட்டச் செய்தார். துண்டுகளை மேலே வீசி எறிந்து, விழுந்தபடியே பொறுக்கி ஒட்டினார்கள். 'குட் மார்னிங் குட் மார்னிங்' முடிவில் வரும் விலங்குகளின் ஒலி கூடத்தின் ஒலிக்களஞ்சியத்திலிருந்து எடுத்தவை. பின்னால் வரும் விலங்கு முன்னதைத் துரத்தவோ தின்னவோ கூடியதாக இருக்க வேண்டும் என்பது வரிசையின் விதி. கடைசியாகக் கோழியின் கொக்கரிப்பு கித்தாரின் முதல் சுரமாக மாறி அடுத்த பாட்டுக்குள் போகிறது. 'ஐ ஆம் தி வால்ரஸ்' பாடலின் ஒலிக்கலவை 1967 செப்டம்பர் 29 அன்று நடந்துகொண்டிருந்தபோது, வானொலிப் பெட்டியைத் திருகி அப்போது ஒலிபரப்பாகிக்கொண்டிருந்ததை நேரடியாகப் பாட்டுக்குள் விட்டார்கள். பி.பி.சி.யில் ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அந்நாடகத்தின் வசனம் அப்பாட்டில் நிலையாகத் தங்கிவிட்டது.

அதே 1967 சனவரி, பிப்ரவரியில் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் ஒலி-ஒளி நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பி.பி.சி. பணிமனையின் டெர்பிஷரும் பிரையன் ஹாட்ஜ்சனும் வேலை நேரத்துக்கு வெளியே நடத்திவந்த சிறு குழுவின் இசையும், பீட்டில்ஸ் தனியாகச் செய்து கொடுத்த 'கார்னிவல் ஆஃப் லைட்' என்ற நாடாவும் அங்கு ஒலித்தன. பீட்டில்ஸ் நாடா இன்றுவரை வெளியாகவில்லை.

ஓசை எப்போது பாட்டாகிறது

இம்முறை லண்டனோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) ரயில் கடந்துபோகும் ஒலியோடும் பிரையன் வில்சனின் நாய்கள் குரைப்பதோடும் முடிகிறது. பிரேசிலில் ஒஸ் முத்தாந்திஸ் குழுவினர் 1968இல் ஒரு பாட்டில் தாளத்தட்டுக்குப் பதிலாகக் கொசுமருந்து அடிக்கும் கைப்பம்பைப் பயன்படுத்தினார்கள். இருந்ததை வைத்துச் சமாளித்த அந்தப் பம்பு, பணத்தால் கிடைத்த பல ஒலிகளைவிடப் பொருத்தமாக அமைந்தது என்பது என் எண்ணம்.

எல்லா முயற்சியும் வென்றதாகச் சொல்ல முடியாது. பிங்க் ஃபிளாய்ட் குழு 1970இல் வெளியிட்ட 'ஆலன்ஸ் சைக்கடெலிக் பிரேக்ஃபாஸ்ட்' ஒருவர் காலை உணவு தயாரித்து உண்ணும் ஓசைகளை இடையிடையே கொண்ட 13 நிமிடப் பதிவு. குழாய் சொட்டுகிறது, வாணலி பொரிகிறது, பிறகு இசை வருகிறது, போகிறது. ஷேஃபரின் பழைய குறை இங்கே திரும்புகிறது: வாணலி வாணலியாகவே இருக்கிறது. ஓசை ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாக நின்றுவிட்டன.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே குழு 'மணி' பாடலில் (1973) இதைச் சரியாகச் செய்தது. ரோஜர் வாட்டர்ஸ் தம் வீட்டுத் தோட்டக் கொட்டகையில், மனைவி மண்பாண்ட வேலைக்கு வைத்திருந்த பெரிய கிண்ணத்தில் நாணயங்களை எறிந்து பதிவு செய்தார். நாணயம் சிணுங்குவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது என்று ஏழு ஓசைகள் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் அளவுகோலால் அளந்து ஒரே நீளத்தில் வெட்டி ஒட்டி வளையமாக்கினார்கள். ஏழு துண்டு, ஏழு அடி. நம் மிச்ர சாபு தாளத்தின் எண்ணிக்கையே அது. இசைக்குழு அந்த வளையத்தைப் பின்பற்றி வாசிக்கத் தொடங்குகிறது. நாணயம் அங்கே அலங்காரமாக ஒட்டப்படவில்லை. பாட்டின் தாளமே அதிலிருந்து பிறக்கிறது. அதே இசைத்தட்டில் 'டைம்' பாடலின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் அடிக்கும் கடிகாரங்களை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்துவைத்திருந்தார். வேறொரு செயல்விளக்கத்துக்காகச் செய்தது அது. பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

அந்த வெற்றிக்குப் பிறகு, இசைக்கருவியே இல்லாமல் வீட்டுச் சாமான்களை மட்டும் கொண்டு முழு இசைத்தட்டு ஒன்றைச் செய்யவும் பிங்க் ஃபிளாய்ட் முயன்றது. ரப்பர் வளையம் மீட்டியும் பாட்டில் ஊதியும் வாரக்கணக்கில் உழைத்துவிட்டுக் கைவிட்டார்கள். தண்ணீர் நிரப்பிய மதுக்கிண்ணங்களின் விளிம்பைத் தேய்த்துப் பதிந்த ஒலி மட்டும் பிழைத்து, 1975இல் 'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்' பாடலின் தொடக்கத்தில் இடம்பெற்றது.

புனைபெயரும் பரண் பெட்டிகளும்

டெர்பிஷருக்கு விருப்பமான கண்டெடுத்த ஒலி ஒன்று இருந்தது: பச்சை நிற உலோக விளக்குக் கவிகையைத் தட்டினால் எழும் ரீங்காரம். ஷேஃபரின் மணியைப் போலவே அதன் தொடக்கக் கணத்தை நீக்கி, எஞ்சியதை ஆராய்ந்து, அதன் உள்தொனிகளைக் கொண்டு சஹாராவின் துவாரெக் மக்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு 1967இல் இசை செய்தார். ஒட்டகங்கள் மணலில் நடந்துவரும் காட்சிக்கு விளக்குக் கவிகையின் ஒலி என்று யாருக்கும் தோன்றாது. பாரிஸ் ஆய்வுகள் எதை விரும்பினவோ அது இங்கே கைகூடியது.

1968–69இல் ஹாட்ஜ்சனும் அவரும் டேவிட் வோர்ஹாஸ் என்ற இளைஞரோடு சேர்ந்து 'ஒயிட் நாய்ஸ்' என்ற பெயரில் பாடல்கள் செய்தார்கள். வெட்டி ஒட்டிய நாடாவிலிருந்தே தாளம், நரம்பொலி, சிரிப்பு, முனகல் எல்லாம் வந்தன. 'ஆன் எலக்ட்ரிக் ஸ்டார்ம்' என்ற அந்த இசைத்தட்டு 1969இல் வெளியானபோது விற்பனை மிகக் குறைவு. பிற்காலத்தில் மின்வழி இசை செய்த பலர் அதைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். அதே காலத்தில் வேறொரு இசைத்தொகுப்புக்கு வேலை செய்தபோது டெர்பிஷர் தம் பெயரைப் போடவில்லை. 'லி டி லா ரூஸ்' என்ற புனைபெயரில் எழுதினார். தம் பெயரின் எழுத்துகளையும் செம்பட்டைத் தலைமுடியையும் வைத்து அமைத்த பெயர் அது.

1973இல் அவர் பி.பி.சி.யை விட்டு விலகினார். எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியில் ரேடியோ இயக்குநராகவும், ஓர் ஓவியக் காட்சியகத்திலும், புத்தகக் கடையிலும் வேலை பார்த்தார். 'டாக்டர் ஹூ' திரையில் அவர் பெயர் முதன்முறையாகத் தோன்றியது 2013இல், தொடரின் 50ஆம் ஆண்டுச் சிறப்புப் பகுதியில். அவர் மறைந்து அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் இறந்த பிறகு வீட்டுப் பரணில் காலை உணவுத் தானியம் வரும் அட்டைப்பெட்டிகளில் 267 நாடாச் சுருள்கள் இருந்தன. அவை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, எண்ணிமமாக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பட்டியலிடப்பட்டன. அவற்றில் 1960களின் இறுதியில் பதிந்த ஒரு சிறு துண்டு, 30 ஆண்டுகளுக்குப் பின் வந்த நடன இசையைப் போலவே ஒலிக்கிறது. அதன் தொடக்கத்தில் டெர்பிஷரின் குரலும் கேட்கிறது. இதை அவ்வளவாகப் பொருட்படுத்த வேண்டாம் என்ற தொனியில் சொல்லிவிட்டு, நாடாவை ஓடவிடுகிறார்.